பற்கூழும் அறுந்த நரம்பும்

சிதம்பரம் அண்ணாமலை நகர் வளாகத்தில் பல் மருத்துவமனையும் பொது மருத்துவமனையும் ஒன்றாகவே இருக்கின்றன. 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, மாணவர்களின் நீண்ட கட்டணப் போராட்டத்துக்குப் பிறகு 2021-இல் சுகாதாரத் துறையின் கீழ் வந்த கல்லூரி அது. முளைக்க இடமில்லாமல் தாடைக்குள் சாய்ந்து கிடக்கும் ஞானப்பல்லைப் பிடுங்கினால் அது மருத்துவக் கழிவு. அதே வளாகத்தின் விபத்துப் பிரிவுக்கு, கடலூர்ச் சாலையில் பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டு, கையெலும்பு முறியாமலே கை விளங்காமல் போன இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் போனது தோளின் நரம்பு. பல் பிரிவில் கழிவாகப் போகும் பொருள் இவர்களுக்கு மருந்தாகுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

இந்தக் கேள்வியைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. அதன் பின்னால் உண்மையான உயிரியல் இருக்கிறது. ஆனால் அந்த உயிரியலை முன்னால் நிறுத்திக்கொண்டு, குழந்தையின் பால்பல்லைக் காசு வாங்கிச் சேமித்துத் தருகிறோம், தண்டுவடம் அடிபட்டவரை எழுப்பி நடக்க வைக்கிறோம் என்று கடை விரிக்கும் கூட்டமும் இருக்கிறது. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பார்க்காமல் தீர்ப்பு சொன்னால் அது ஒரு பக்கத்துக்கு அநியாயமாகிவிடும்.

முதலில் பல்லின் பக்கத்து வாதம். பல்லைக் குறுக்கே வெட்டினால் எனாமல், அதற்குள் டென்டின், நடுவே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் மெத்தென்ற சிவந்த திசு. அதுதான் பற்கூழ். ரூட் கேனால் செய்யும்போது சுரண்டி எடுப்பது இதைத்தான். 2000-ஆம் ஆண்டில் ஸ்டான் கிரான்தோஸ், சாங்டாவோ ஷி உள்ளிட்ட அமெரிக்க ஆய்வுக் குழு, பெரியவர்களிடம் பிடுங்கிய ஞானப்பல்லின் கூழில் ஸ்டெம் செல் இருப்பதைக் காட்டியது. 2003-இல் அதே ஷியின் குழு, ஏழெட்டு வயதுக் குழந்தைகளுக்கு விழும் பால்பல்லிலும் அது இருப்பதைக் கண்டது. அந்தச் செல்களை எலியின் மூளையில் வைத்தபோது அவை பிழைத்துக் கிடந்தன, நரம்புச் செல்லுக்குரிய சில புரதங்களையும் காட்டின.

எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும்கூட இதுபோன்ற ஸ்டெம் செல்கள் உண்டு. பிறகு ஏன் பல்? கருவில் முதுகெலும்பு உருவாகும் நாட்களில், நரம்புக் குழாயின் விளிம்பிலிருந்து ஒரு செல் கூட்டம் பிரிந்து முகத்தை நோக்கி நடக்கிறது. முகத்து எலும்பின் பெரும்பகுதியும் பற்கூழும் அந்தக் கூட்டத்தின் வாரிசு. அதே கூட்டத்திலிருந்துதான் நரம்பு இழையைச் சுற்றி உறைபோடும் ஷ்வான் செல்லும் வருகிறது. ஆக பற்கூழும் நரம்புறையும் பங்காளிகள். 2014-இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்திலிருந்து நேச்சர் இதழில் வந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. சுண்டெலியின் வெட்டுப்பல்லில் உள்ள ஸ்டெம் செல்களில் ஒரு பகுதி, பல்லுக்குள் நுழையும் நரம்பின் உறைச் செல்களிலிருந்தே பிறக்கிறது என்று அது காட்டியது. நரம்பிலிருந்து பல் செல் வருகிறதென்றால், பல் செல்லை மறுபடி நரம்பின் பணிக்குத் திருப்பலாம் என்ற நம்பிக்கை வெறும் ஆசையில்லை. சுண்டெலியின் வெட்டுப்பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பது, நம் பல் அப்படி வளராது என்ற வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது.

பற்கூழ்ச் செல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. நரம்பு வளர்வதற்கு வேண்டிய ஊட்டப் புரதங்களை அது தாராளமாகச் சுரக்கிறது. அது தானே நரம்பாக மாறுவதைவிட, சாகப்போகும் நரம்பைச் சாகவிடாமல் தாங்குவதும் வளரப்போகும் இழைக்கு வழிவிடுவதும்தான் அதன் முக்கிய வேலை என்று இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'புதிய நரம்பை உருவாக்கித் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே அவர் அறிவியலைத் தாண்டிவிட்டார் என்று பொருள்.

அடுத்து எலியின் சாட்சி. இந்தத் துறையில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2012-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்திலிருந்து சகாய், யமமோதோ, உவேதா குழுவினர் வெளியிட்ட ஆய்வு. எலிகளின் தண்டுவடத்தை முழுதாக அறுத்துவிட்டு, மனிதப் பற்கூழ்ச் செல்களை அங்கே வைத்தார்கள். ஒப்பிடுவதற்காக வேறு எலிகளுக்கு எலும்பு மஜ்ஜைச் செல்லும் தோல் செல்லும் வைத்தார்கள். பற்கூழ் பெற்ற எலிகளின் பின்னங்கால் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தேறியது. ஏன் தேறியது என்பதற்கும் மூன்று வழிகளை அந்தக் குழு காட்டியது: காயத்தைச் சுற்றியுள்ள செல்கள் தாமே மடிவது குறைந்தது, இழை வளர்வதைத் தடுக்கும் சமிக்ஞைகள் அடங்கின, வைத்த செல்களில் சில, நரம்பிழைக்கு உறைபோடும் செல்களாக மாறின. பலனை மட்டும் சொல்லாமல் காரணத்தையும் தேடிப் பார்த்த நேர்மையான ஆய்வு இது. ஒப்பீட்டுக் குழு சரியாக இருந்தது. இதைப் படித்துவிட்டு உற்சாகப்படுபவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் கடலூரில் தண்டுவடம் அடிபட்ட ஒருவருக்கும் அந்த எலிக்கும் நடுவில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அந்த எலிக்குச் செல் போய்ச் சேர்ந்தது காயத்தின் உடனடிக் கட்டத்தில். தென்னையேறி விழுந்தவர், சாரத்திலிருந்து சரிந்த கொத்தனார், லாரி மோதியவர் யாராக இருந்தாலும் முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். பிறகு எலும்பைப் பொருத்த வேண்டும். தன் பல்லிலிருந்து செல்லை எடுத்து வளர்க்க வாரக்கணக்கில் ஆகும். பெரும்பாலான குடும்பங்கள் ஸ்டெம் செல்லைத் தேடத் தொடங்குவதோ, மருத்துவர்கள் கைவிரித்து மாதங்களோ வருடங்களோ கழிந்த பிறகு. அதற்குள் காயம்பட்ட இடத்தில் தழும்பு இறுகியிருக்கும். அந்தத் தழும்புக்கு நகோயா ஆய்வு பதில் சொல்லவில்லை. சொல்வதாக அவர்கள் உரிமை கொண்டாடவும் இல்லை. எலிக்கு இன்னொரு சலுகையும் உண்டு. மூளையோடு தொடர்பு அறுந்த பிறகும், தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள நரம்பு வலை தானாகவே காலை ஓரளவு அசைக்கும். மனிதனிடம் அந்தத் தன்னிச்சை மிகக் குறைவு. எலியின் கால் அசைந்ததென்ற செய்தியைக் கேட்கும்போது, மூளையின் உத்தரவில் அசைந்ததா, கீழ் வலையின் பழக்கத்தில் அசைந்ததா என்று பிரித்துக் கேட்பது அவசியம்.

கை கால்களுக்கும் முகத்துக்கும் ஓடும் வெளி நரம்புகளின் கதை சற்று நல்ல கதை. தோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் சசாகி குழு, எலியின் முக நரம்பில் சிறு இடைவெளி வெட்டி, உடலில் கரைந்துவிடும் குழாயில் பற்கூழ்ச் செல்லை வைத்து இருமுனைகளையும் இணைத்தது. நரம்பிழைகள் குழாயின் வழியே மறுகரை சேர்ந்தன. வெளி நரம்பு இயல்பிலேயே வளரக்கூடியது. தண்டுவடம்போல அது முரண்டு பிடிப்பதில்லை. ஆகவே பல்லுக்குத் தகுந்த களம் எதுவென்று கேட்டால், என் பார்வையில் அது இந்த வெளி நரம்புதான். விளம்பரங்கள் காட்டும் சக்கர நாற்காலிக்கு அந்த இடம் இல்லை.

இங்கும் கணக்கு கடுமையானது. வெட்டுண்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். எலியின் முகத்தில் ஒரு சென்டிமீட்டருக்குள் முடிந்துவிடும் பயணம், மனிதக் கழுத்திலிருந்து விரல் நுனி வரை எழுபது எண்பது சென்டிமீட்டர். அதாவது ஏறக்குறைய இரண்டு வருடம். நரம்பு வந்து சேரும்வரை தசை காத்திருக்காது. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்துக்குள் உத்தரவு வராவிட்டால் அது சுருங்கி நாராகிவிடும். பற்கூழ் வளர்ச்சியைக் கொஞ்சம் விரைவுபடுத்தினாலும் இந்த ஓட்டப் பந்தயத்தில் முழங்கைக்குக் கீழே ஜெயிப்பது கடினம். எலியில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. அதனால்தான் எலி ஆய்வுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெற்றி பெறுவதைக் கண்டு நான் அளவுக்கு மீறி அசைவதில்லை.

மனிதரில் என்ன சாட்சி இருக்கிறது? பல் ஸ்டெம் செல்லைப் பொறுத்தவரை இன்றுள்ள நல்ல மனிதச் சாட்சி பல்லுக்குள்ளேயேதான் இருக்கிறது. 2017-இல் ஜப்பானில் நகாஷிமா குழுவினர், கூழ் மீள முடியாதபடி கெட்ட ஐந்து நோயாளிகளின் பல்லுக்குள் அவர்களுடைய இன்னொரு பல்லிலிருந்து எடுத்து வளர்த்த செல்லை வைத்தார்கள். நான்கு பேரின் பல் மின் தூண்டலை மறுபடி உணர்ந்தது. 2018-இல் சீனாவின் சீஆன் நகரில் ஷி, யான் ஜின் ஆகியோர் அடங்கிய குழு இதைப் பெரிதாகச் செய்தது. கீழே விழுந்ததில் முன்பல்லின் கூழ் செத்துப்போயிருந்த நாற்பது குழந்தைகள்; முப்பது பேருக்கு அவர்களுடைய பால்பல்லின் செல், பத்துப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. யாருக்கு எது என்பது குலுக்கலில் முடிவானது. ஒரு வருடம் கழித்து, செல் பெற்றவர்களில் தொடர்ந்து வந்த இருபத்தாறு பேரின் பல்லில் ரத்தம் ஓடியது, வேர் நீண்டது, உணர்ச்சி திரும்பியது. பத்துப் பேரிடம் அது நடக்கவில்லை.

இது அழகான வேலை. மனித உடலில், பல்லின் செல் வைத்த இடத்துக்குள் நரம்பு வந்து சேர்ந்தது என்பதற்குக் கையில் உள்ள உறுதியான ஆதாரம். இதன் எல்லையையும் கூடவே சொல்ல வேண்டும். அங்கே வளர்ந்த நரம்பு அந்தக் குழந்தையின் சொந்த நரம்பு. தாடைக்குள் அறுபடாமல் வேரடியிலேயே அது நின்றுகொண்டிருந்தது. பல்லின் நீளம் அளவுக்கு உள்ளே வந்தால் போதும். நோயாளிகளோ திசு துடிப்போடு இருக்கும் வயதினர். அறுந்த நரம்பைச் சேர்த்ததாக இந்த ஆய்வு சொல்லவில்லை. இதைக் காட்டி 'பல் ஸ்டெம் செல்லால் நரம்பு வளர்கிறது, மனிதரில் நிரூபணமாகிவிட்டது' என்று சொல்வது அந்தக் குழந்தைகளின் பல்லுக்கும் செய்யும் துரோகம்.

பல்லை விட்டு வெளியே வந்தால் சாட்சி சட்டென்று மெலிந்துவிடுகிறது. பக்கவாதத்துக்காக ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நோயாளியின் சொந்தப் பற்கூழைப் பயன்படுத்தும் ஆய்வுத் திட்டம் ஒன்று வெளியானது. ஜப்பானில் வேறொருவரின் பற்கூழ்ச் செல்லைப் பெருக்கி, பக்கவாதம் வந்த சில நாட்களுக்குள் ரத்தக் குழாய் வழியாகச் செலுத்தும் ஆய்வும் தொடங்கியது. தொடங்கியது என்பதற்கும் பலன் தந்தது என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை, பல்லைவிட மூத்த உறவினரான எலும்பு மஜ்ஜைச் செல்லின் அனுபவம் காட்டுகிறது. ஜப்பானில் 206 பக்கவாத நோயாளிகளிடம், யாருக்குச் செல், யாருக்கு வெறும் திரவம் என்று மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரியாமல் நடத்திய ட்ரெஷர் ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. தொண்ணூறு நாள் முடிவில் இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்தச் செல்லுக்கும் எலிகளில் பெரிய வெற்றிகள் இருந்தன. அதே ஜப்பான் 2018-இல் தண்டுவடக் காயத்துக்கு மஜ்ஜைச் செல் சிகிச்சை ஒன்றுக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது; ஆதாரம் பதின்மூன்று நோயாளிகள், ஒப்பீட்டுக் குழு கிடையாது. தண்டுவடம் அடிபட்டவர்களில் பலர் முதல் சில மாதங்களில் எந்தச் செல்லும் இல்லாமலே கொஞ்சம் தேறுவார்கள். ஒப்பிட ஆளில்லாதபோது அந்த இயற்கைத் தேறுதல் மருந்தின் கணக்கில் வரவாகிவிடுகிறது. நேச்சர் இதழ் அந்த அனுமதியைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது சரி என்றே நினைக்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றியும் நேராகப் பேச வேண்டும். 'உங்கள் செல்தானே, உங்களுக்கு என்ன செய்யும்' என்பது இந்த வியாபாரத்தின் செல்ல வசனம். தண்டுவடம் அடிபட்ட ஓர் இளம்பெண்ணுக்கு அவருடைய மூக்குச் சவ்வின் செல்லையே முதுகில் வைத்தார்கள். எட்டு ஆண்டு கழித்து முதுகுவலியோடு வந்தவரின் தண்டுவடத்தில் ஒரு கட்டி. அதற்குள் சளி போன்ற பொருள். செல் தன் பழைய வேலையை மறக்கவில்லை. 2014-இல் பதிவான சம்பவம் இது. பல்லின் செல்லுக்குப் பழைய வேலை என்ன? டென்டின் செய்வது. 2000-ஆம் ஆண்டின் அந்த முதல் ஆய்வில், சுண்ணாம்புத் தாதுப் பொடியோடு சேர்த்துச் சுண்டெலியின் தோலுக்கடியில் வைத்த பற்கூழ்ச் செல் டென்டின் போன்ற திசுவைத்தான் கட்டியது. தாதுப் பொடி இல்லாத தண்டுவடத்தில் அது கல்லாகிவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. நகோயா எலிகளில் அப்படி நடந்ததாகவும் செய்தி இல்லை. ஆனால் எட்டு ஆண்டு காத்திருந்து பார்த்த பற்கூழ் ஆய்வு தண்டுவடத்தில் இல்லாதபோது, 'பயமே வேண்டாம்' என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.

இனி நம் ஊர் நோயாளிகளிடம் வருகிறேன். இந்தச் சிகிச்சையை எடைபோடும்போது ஆய்வுக்கூடத்தில் மட்டும் தராசை வைத்தால் போதாது. கடலூர் மாவட்டத்தில் நரம்பு கெட்டு வருபவர் யார், இன்று அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எண்ணிக்கையில் முதலில் நிற்பவர்கள் சர்க்கரை நோயாளிகள். கால் மரத்துப் போய், ஆணி குத்தியதே தெரியாமல் புண்ணோடு நடந்து வருபவர்கள். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில் பக்கத்துப் புதுச்சேரியின் சர்க்கரை நோய் விகிதம் 26.3 சதவீதம். எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிலைமை தலைகீழாக இருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். நகோயாவில் உள்ள ஐச்சி காகுயின் பல்கலைக்கழகத்தினர் சர்க்கரை எலிகளின் காலில் பற்கூழ்ச் செல்லைச் செலுத்தி நரம்பின் வேகம் கூடியதைக் காட்டியிருக்கிறார்கள். அந்த எலிகளுக்கு ரசாயனம் கொடுத்துக் கணையத்தைக் கெடுத்து, சர்க்கரையைத் திடீரென வரவழைத்தார்கள். நம் ஆட்களுக்கோ பத்துப் பதினைந்து ஆண்டு ஊறிய சர்க்கரை. அடிபட்டது ஒரு நரம்பு இல்லை, உடம்பு முழுக்க ஓடும் மெல்லிய இழைகள். நாளை பற்கூழ் வேலை செய்தாலும், சர்க்கரை அடங்காத உடம்பில் அது எத்தனை நாள் தாங்கும்? இவர்களுக்குப் பல்லின் செல்லைப் பரிந்துரைப்பது, மாதம் ஒருமுறை பாதத்தைப் பார்க்கும் செவிலியரையும் சரியான செருப்பையும் மறக்கடிக்கும் வேலை.

அடுத்தவர், முதலில் சொன்ன பைக் இளைஞர். தோள் நரம்புப் பின்னல் கழுத்திலேயே பிய்ந்திருக்கும். கை செத்ததுபோல் தொங்கும். இவருக்கு இன்று நல்ல அறுவை சிகிச்சை இருக்கிறது. கணுக்கால் பக்கத்து உணர்வு நரம்பை எடுத்து ஒட்டுப்போடுவார்கள். பாதத்தின் ஓரம் கொஞ்சம் மரக்கும், அவ்வளவுதான். 1994-இல் பிரான்சின் ஓபர்லின் காட்டிய முறையில், கைக்குப் போகும் நல்ல நரம்பிலிருந்து ஓர் இழைக் கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசைக்குப் பக்கத்திலேயே இணைத்துவிடுவார்கள். பயண தூரம் சில சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கணக்கை வெல்லும் புத்திசாலித்தனம் இது. எந்த ஸ்டெம் செல்லும் இதுவரை காட்டாத பலன். கோவை கங்கா மருத்துவமனையில் இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வேங்கடசாமி 1971-இல் தொடங்கி வளர்த்த கை அறுவை சிகிச்சைத் துறை உண்டு. நரம்பு திரும்பவே திரும்பாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தொழுநோயில் விரல் மடங்கிப்போனவர்களுக்கு வேலை செய்யும் தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தி, கையைத் திறக்க வைத்தவர் பால் பிராண்ட். 1940-களின் இறுதியில் வேலூர் சி.எம்.சி.யில் தொடங்கிய வேலை அது. நரம்பைச் சீராக்க முடியாத காலத்தில் கையைச் சீராக்கிய மரபு நம்முடையது.

மூன்றாமவரை யாரும் பேசுவதில்லை. ஞானப்பல் எடுக்கும்போது அதன் வேருக்கடியில் ஓடும் கீழ்த்தாடை நரம்பு நசுங்கியோ அறுந்தோ போய், கீழுதடும் மோவாயும் மரத்துப் போனவர். நிரந்தரமாக மரப்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆனால் அவருக்கு டீ வாயோரம் வழிவது தெரியாது, சவரம் செய்யும்போது ரத்தம் வருவது தெரியாது. பல் ஸ்டெம் செல் என்னும் எண்ணத்துக்கு உலகத்திலேயே பொருத்தமான நோயாளி இவர்தான் என்று நினைக்கிறேன். இடைவெளி ஓரிரு சென்டிமீட்டர். உணர்வு நரம்பு என்பதால், காத்திருந்து நாராகிப் போகும் தசை இல்லை. பல்லும் நரம்பும் ஒரே முக்கிளை நரம்பின் எல்லைக்குள். நோயாளியின் இன்னொரு ஞானப்பல் பெரும்பாலும் வாயிலேயே இருக்கும். பலனை அளப்பதும் எளிது: இரண்டு ஊசிமுனைகளை எவ்வளவு நெருக்கி வைத்தால் இரண்டென்று உணர்கிறார் என்று பார்த்தால் போதும். தவறிப்போனாலும் யாருடைய நடையும் மூச்சும் போகாது. எலியில் முக நரம்புக்குக் கிடைத்த பலனை மனிதரில் சோதிக்க இதைவிட நியாயமான வாசல் எனக்குத் தெரியவில்லை. தண்டுவடத்தில் தொடங்க நினைப்பவர்கள் கடைசிப் படியில் முதல் கால் வைக்கிறார்கள்.

சேமிப்பு வங்கி விவகாரத்துக்கு நீண்ட விசாரணை தேவையில்லை. பால்பல் விழுந்தால் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவது நம் வழக்கம். 'பொக்கிஷத்தை எறிந்துவிட்டீர்களே' என்று படித்த பெற்றோரைக் குற்ற உணர்வில் தள்ளுவது வங்கிக்காரரின் முதல் வேலை. உண்மையில் தானாக ஆடி விழும் பல்லில் கூழ் பெரும்பாலும் கரைந்து போயிருக்கும், ரத்த ஓட்டமும் நின்றிருக்கும். 2003 ஆய்வில் ஒரு நல்ல வெட்டுப்பல்லிலிருந்து கிடைத்த கூட்டமாக வளரக்கூடிய செல்கள் பன்னிரண்டு முதல் இருபது வரைதான். அதைச் சிகிச்சைக்கு வேண்டிய கோடிக்கணக்கான செல்லாக்க, தூசியும் கிருமியும் நுழையாத உயர்தர ஆய்வுக்கூடம் வேண்டும். பெருக்கப் பெருக்கச் செல்லுக்கு வயதாகும், குணமும் மாறும். முப்பது ஆண்டு உறைய வைத்த பல்லிலிருந்து பயன்படும் செல் வருமா என்று யாரும் பரிசோதித்துக் காட்டவில்லை. முப்பது ஆண்டு இன்னும் ஆகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டு நெறிகள், தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறெதையும், பல் உட்பட, வணிக நோக்கில் சேமிக்க அனுமதி இல்லை என்று சொல்கின்றன. அதே நெறிகளின்படி, ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று தவிர மற்ற எல்லா ஸ்டெம் செல் பயன்பாடும் ஆய்வு என்ற அளவில்தான் நடக்க வேண்டும். ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிவு, நோயாளியிடம் காசு வாங்காமை. 'இது ஆய்வு' என்று சொல்லிவிட்டு லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டால், அது ஆய்வும் இல்லை, சிகிச்சையும் இல்லை.

முறையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யின் ஸ்டெம் செல் ஆய்வு மையம் 2005-இல் தொடங்கியது. அங்கே அலோக் ஸ்ரீவஸ்தவா குழுவினர், ஹீமோஃபீலியா நோயாளிகளின் சொந்த ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, குறைபட்ட மரபணுவின் நல்ல பிரதியை அதில் சேர்த்துத் திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானபோது நோயாளிகள் ஐந்தே பேர். சிகிச்சைக்குப் பின் ரத்தக் கசிவு நின்றிருந்தது. இருபது ஆண்டு உழைப்பு, ஐந்து நோயாளி, பகிரங்கமான கணக்கு. அவர்கள் யாரும் சாலையோரப் பலகையில் படம் போட்டு நோயாளி பிடிக்கவில்லை.

என் தீர்ப்பு இது. பற்கூழின் ஸ்டெம் செல் நரம்பைத் தாங்கக்கூடியது என்ற கருத்து தோற்ற உயிரியலாலும் எலி ஆய்வுகளாலும் வலுவாக நிற்கிறது. வெளி நரம்பின் சிறு இடைவெளிக்கு அது ஒருநாள் உதவும் என்று எதிர்பார்க்க நியாயம் இருக்கிறது. தண்டுவடத்துக்கும் பக்கவாதத்துக்கும் மனிதரில் ஆதாரம் இல்லை. சர்க்கரை நரம்புக்கு அந்த எதிர்பார்ப்பே பிழையான திசை. இன்றைய தேதியில் எந்த நரம்பு நோய்க்கும் இதைக் காசு வாங்கிச் செய்வது தவறு, பல்லைச் சேமிக்கக் காசு வாங்குவதும் தவறு. இந்தத் தீர்ப்பை மாற்ற எனக்கு வேண்டிய சாட்சி பெரிதொன்றுமில்லை. ஞானப்பல் எடுத்து உதடு மரத்து, ஆறு மாதம் கழித்தும் தானாகத் திரும்பாத நோயாளிகள். குலுக்கலில் பாதிப் பேருக்கு வெறும் குழாய், பாதிப் பேருக்குச் செல் வைத்த குழாய். யாருக்கு எது என்று தெரியாத ஒருவர் உணர்ச்சியை அளக்க வேண்டும். இரண்டு ஆண்டு பின்தொடர வேண்டும். ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது, பலருக்கு அது தானாகவே திரும்பிவிடும் என்பதால். ஒரு கல்லூரியில் மட்டும் இத்தனை நோயாளிகள் சேர மாட்டார்கள். சிதம்பரம், சென்னை, புதுச்சேரி பல் மருத்துவக் கல்லூரிகள் கைகோத்தால் சேர்வார்கள். செல்லை வளர்க்க வேலூர் போன்ற இடத்தில் கூடம் இருக்கிறது. அரசின் கைக்கு வந்துவிட்ட கல்லூரிக்கு, கட்டணம் குறைந்ததோடு கேள்வி கேட்கும் கடமையும் கூடியிருக்கிறது.

அந்த ஆய்வு நடக்கும்வரை பைக் இளைஞரின் கை காத்திருக்காது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தின் முதல் 48 மணி நேரத்தை அரசின் செலவில் பார்த்துக்கொள்கிறது. அதில் பிழைத்தவர் எத்தனையோ பேர். அந்த நேரம் முடிந்து, காலர்போன் முறிவுக்குப் பட்டி போட்டு வீட்டுக்கு அனுப்பும்போது, தொங்கும் கையை ஒருவர் தூக்கிப் பார்த்து, தோள் நரம்பு என்று வெளியேற்றச் சீட்டில் எழுத வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஸ்டான்லிக்கு அனுப்பிவிட்டால் முழங்கை மடங்க வாய்ப்பு அதிகம். 'தானா வந்துடும் தம்பி, எண்ணெய் போட்டு நீவி விடுங்க' என்று சொல்லி ஒரு வருடம் போக்கிவிட்டு, பிறகு பல்லின் செல்லைத் தேடி ஊர் ஊராக அலைகிற குடும்பத்துக்கு, கடலூரிலிருந்து சென்னைக்குப் போகும் ஒரு பரிந்துரைக் கடிதம்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும்.